ஆசான் நின்ற இடம்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில், 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இடமிருந்தும் உட்காராமல் பின்வரிசையில் மஞ்சள் பனியனோடு நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே,

இந்த விழாவுக்கு என்னை அழைக்கும்போதெல்லாம் கம்பனைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசிவிட்டு, கடைசியில் கொடுக்கும் சுண்டல் பொட்டலத்தோடு வீடு திரும்புவது பல வருஷத்து வழக்கம். இவ்வருஷம் செயலாளர் தம்பி வீட்டுக்கு வந்து, "வாத்தியாரய்யா, எளவட்டப் பசங்களும் உக்காந்து கேக்கற மாதிரி ஒண்ணு பேசுங்க" என்று கேட்டுக்கொண்டபோது, அவர் எதை மனத்தில் வைத்துக் கேட்டாரோ நான் அறியேன். வேலந்தாவளம் சோதனைச் சாவடியிலிருந்து மீனாட்சிபுரம் வரையில் டீக்கடைப் பெஞ்சுகளிலும் சலூன்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் ஒன்றரை மாத காலமாக ஓயாமல் நடந்துவரும் ஒரு தர்க்கந்தான் எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஸ்தானம் காலியாகிவிட்டதே, அடுத்து அங்கே வந்து நிற்கப்போகிறவர் யார் என்பதே அந்தத் தர்க்கம்.

விஷயம் தெரியாத பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவீடன் தேசத்திலிருந்து வந்த மிகாயேல் ஸ்டாரே என்பவரைச் சென்ற மே மாதம் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் அமர்த்தினார்கள். 2009-இல் தம் தேசத்தில் ஏ.ஐ.கே. என்னும் அணிக்கு லீக் பட்டமும் கோப்பையும் ஒரே ஆண்டில் பெற்றுத் தந்தவர். பிறகு கிரேக்கம், சீனம், அமெரிக்கா, நார்வே, தாய்லாந்து என்று பல தேசங்களில் உத்தியோகம் பார்த்தவர். கொச்சியிலோ, பன்னிரண்டு ஆட்டங்களில் மூன்று ஜயம், இரண்டு சமன், ஏழு தோல்வி. டிசம்பர் 14-ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகானிடம் 2-3 என்று தோற்ற மறுநாளுக்கு மறுநாள், அதாவது டிசம்பர் 16 அன்று, அவரையும் அவரோடு வந்த உதவியாளர்களையும் விடுவித்துவிட்டார்கள். அன்றுமுதல் டி.ஜி. புருஷோத்தமன் என்னும் மலையாளி, ஒரு காலத்தில் கோல்கீப்பராக இருந்தவர், இளைஞர் பிரிவைக் கவனித்துவந்த தோமாஷ் ட்ஸோர்ஸ் என்னும் போலந்துக்காரரின் துணையோடு தற்காலிகமாகப் பொறுப்பை வகித்துவருகிறார். சென்ற வாரம், ஜனவரி 30-ஆம் தேதி, சென்னையில் சென்னையின் அணியை 3-1 என்று ஜயித்தது இவருடைய மேற்பார்வையில்தான். எல்லையிலே வசிக்கும் நமக்கு அன்று இரட்டை அனுபவம்; எங்கள் வீட்டில் நான் நீலத்துக்கும் பேரன் மஞ்சளுக்குமாக அமர்ந்திருந்ததால், எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் வீட்டில் ஒருவருக்குச் சந்தோஷமும் ஒருவருக்குச் சங்கடமும் தவறாமல் கிடைத்தன.

இனி, வந்த காரியத்துக்கு வருகிறேன். பயிற்சியாளர் என்று நாம் பத்திரிகையில் எழுதுகிறோம். அது சர்க்கார் கடிதத்தில் வரும் சொல்லைப் போலக் கஞ்சி போட்டு விறைத்த சொல். மலையாளி அப்படிச் சொல்லுவதில்லை. கலூர் ஸ்டேடியத்தில் முப்பதினாயிரம் தொண்டைகள் சேர்ந்து கூவும்போது வருகிற சொல் 'ஆஷான்' என்பது. அதாவது நம்முடைய ஆசான். எழுத்து கற்பித்தவரும் அங்கே ஆசான், களரியில் அடவு கற்பித்தவரும் ஆசான், குமரி மாவட்டத்தில் வர்மம் கற்பித்தவரும் ஆசான், ஸ்டீவ் கோப்பல் என்னும் ஆங்கிலேயரும் ஆசான், இவான் வுகோமனோவிச் என்னும் செர்பியரும் ஆசான். தமிழிலே நாம் புத்தகத்துக்குள் பூட்டிவைத்துவிட்ட ஒரு சொல்லை மலைக்கு அந்தப் பக்கத்தில் இன்னமும் தினசரிப் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையுங்கூட உண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அதிகாரி என்று சொன்னால் அவரை நியமித்தவர் ஒருவர் இருக்கவேண்டும். ஆசான் என்று சொன்னாலோ அவரிடம் கற்றவன் ஒருவன் இருக்கவேண்டும். கற்றவனை உண்டாக்காமல் போய்விட்டவரை ஆசான் என்று அழைப்பது வெறும் பிரியத்தால் அழைப்பதே. பிளாஸ்டர்ஸ் அணி பதினோராவது பருவத்தில் இருக்கிறது. அங்கே ஆசான்கள் அநேகர் வந்து போனார்கள். பரம்பரை என்று ஒன்று உண்டாகவில்லை. அடுத்தவர் யார் என்ற கேள்வி நம்மை இத்தனை அலைக்கழிப்பதற்குக் காரணம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

வந்து போனவர்களின் வரிசையைச் சற்றுப் பாருங்கள். 2014-இல் அணி பிறந்தபோது டேவிட் ஜேம்ஸ், ஆட்டக்காரரும் அவரே, ஆசானும் அவரே. முதல் வருஷமே இறுதியாட்டம் வரையில் சென்று, பம்பாயில், ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரே கோலினால் கல்கத்தா அணியிடம் தோற்றார்கள். அடுத்த வருஷம் பீட்டர் டெய்லர். அவர் நடுவழியிலேயே இறங்கிவிட, டெர்ரி ஃபீலன். 2016-இல் கோப்பல், மறுபடியும் இறுதியாட்டம், மறுபடியும் கல்கத்தா, சொந்த மண்ணான கொச்சியிலேயே பெனால்டியில் தோல்வி. அவர் ஜம்ஷெட்பூருக்குப் போனார். 2017-இல் ரெனே மியூலன்ஸ்டீன் வந்தார், 2018 பிறந்ததும் போனார். டேவிட் ஜேம்ஸ் திரும்ப வந்தார், அதே வருஷ முடிவில் திரும்பவும் போனார். பிறகு போர்த்துகலிலிருந்து நெலோ விங்காடா, ஹாலந்திலிருந்து எல்கோ ஸ்கட்டோரி, ஸ்பெயினிலிருந்து கிபு விகூனா; விகூனா 2021 பிப்ரவரியில் விலகியபோது காஷ்மீரத்து இஷ்ஃபாக் அகமது மிச்ச ஆட்டங்களுக்குக் காவலிருந்தார். சத்திரத்துக் கணக்குப் புஸ்தகத்தைப் போல் இருக்கிறது இந்த வரிசை. ஒருவர் ஆங்கிலேய முறையில் பந்தை உயரத் தூக்கி அடிக்கச் சொல்ல, அடுத்தவர் ஸ்பானிய முறையில் தரையோடு தரையாக நகர்த்தச் சொல்ல, மூன்றாமவர் முதலிரண்டையும் மறக்கச் சொல்ல, ஓர் இருபது வயதுப் பையன் எதைத்தான் கற்றுக்கொள்ளுவான்!

இந்தப் பழக்கத்துக்கு விலக்காக வந்தவர் வுகோமனோவிச். 2021-இல் வந்து, மூன்று பருவம் முழுவதும் இருந்து, மூன்று பருவமும் அணியைப் பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுசென்றவர் அவர் ஒருவரே. 2022 மார்ச் 20-ஆம் தேதி கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றதை இங்கே பலர் இன்னமும் துக்க தினமாகவே அனுஷ்டிக்கிறார்கள். 2023 மார்ச் 3-ஆம் தேதி பெங்களூரில் நடந்ததோ கதைகளில் வரத்தக்கது. கூடுதல் நேரத்தில், தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் சுநில் சேத்ரி ஃப்ரீகிக்கைச் சட்டென்று உள்ளே தட்டிவிட, நடுவர் அதைக் கோல் என்று அங்கீகரிக்க, இவர் தம் பிள்ளைகளைக் கைகாட்டி அழைத்துக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறிவிட்டார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அணிக்கு 4 கோடி ரூபாயும் அவருக்கு 5 லட்ச ரூபாயும் அபராதம் விதித்து, பத்து ஆட்டங்களுக்கு அவரை விலக்கியும் வைத்தது. வெளியேறியது தவறு என்றே நான் நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் கடினம் என்று மாணவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும் வாத்தியாரை நாம் கொண்டாட மாட்டோம். ஆயினும் அந்தப் பத்து ஆட்டங்களில் நடந்தது கவனிக்கத்தக்கது: ஃபிராங்க் டாவன் என்னும் பெல்ஜியத்து உதவியாளர், அண்ணன் இல்லாத அயோத்தியைப் பாதுகையை வைத்துப் பரிபாலித்த பரதனைப் போல, ஆசானின் முறையிலிருந்து ஒரு நூல் பிசகாமல் அணியை நடத்திவந்து, 2023 அக்டோபர் 27 அன்று கொச்சியில் அவரிடமே ஒப்படைத்தார். பாதுகை இருந்தது, பரதனும் இருந்தார். ஆனால் 2024 ஏப்ரல் 26-இல் ஆசான் விடைபெற்றபோது அந்தப் பாதுகையை எடுத்து வைத்துக்கொள்ள ஒருவரும் இல்லை. சுவீடனிலிருந்து புது ஜோடி வரவழைத்தார்கள். கால் அளவு பொருந்தவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது மூணாற்றில் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், மூன்று மாதம் மழையும் மூன்று மாதம் பனியும் மற்ற ஆறு மாதம் மூடுபனியுமாகக் கழிந்த பால்யம் அது. வெள்ளைக்கார துரைமார்கள் காலத்தில், 1940-களில் ஆரம்பித்த ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டி தோட்டங்களுக்கிடையே இன்றைக்கும் நடக்கிறது. கம்பெனியின் பெயர் மாறி, கை மாறி, துரைமார்கள் கப்பலேறிப் போய், ஷீல்டு மட்டும் நின்றுவிட்டது. அந்த நாட்களில் பழைய மூணாறு மைதானத்துக்கு லட்சுமி, நல்லதண்ணி, மாட்டுப்பட்டி, சேவன்மலை என்று ஒவ்வோர் எஸ்டேட்டிலிருந்தும் லாரி லாரியாக ஜனங்கள் வந்து இறங்குவதையும், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்த தாய்மார்கள் தம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி எதிர் அணியை வைவதையும் நீங்கள் பார்த்திருக்கவேண்டும். உலகக் கோப்பையை டெலிவிஷனில் பார்த்துவிட்டேன். அந்தச் சத்தம் அதில் இல்லை.

எங்கள் தோட்டத்து அணிக்கும் ஓர் ஆசான் இருந்தார். ஃபாக்டரியிலே ஃபிட்டர் உத்தியோகம். சங்கரன்கோவில் பக்கத்துப் பூர்விகம். நாங்கள் அவரை 'பெரியப்பா' என்றே அழைப்போம். ஷிஃப்ட் முடிந்து கிரீஸ் கறையோடு மைதானத்துக்கு வருவார். வெறுங்காலோடு ஓடும் பையன்களுக்குப் பந்தை எப்படி நிறுத்துவது, நிறுத்துமுன் எங்கே பார்ப்பது என்று, வைதும் தட்டிக்கொடுத்தும் சொல்லித் தருவார். அவருக்குச் சம்பளம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, லைசென்ஸ் இல்லை. ஆனால் ஒன்று இருந்தது: அவர் போகும் நாள் அவருக்குத் தெரியும். தோட்டத்துச் சட்டம் அப்படி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும். வீடு போனால் மலையில் இருக்க இடமில்லை. பெட்டியையும் பாத்திரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பூர்விக ஊருக்கு இறங்கவேண்டியதுதான். ஆகவே, இறங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பே அவர் எங்கள் கோல்கீப்பரைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முதல் வருஷம் "நீ என்ன நினைக்கிறே?" என்று அவனைக் கேட்டுவிட்டுத் தாம் நினைத்ததைச் செய்வார்; இரண்டாம் வருஷம் அவன் நினைத்ததைச் செய்யவிட்டு, தாம் கோட்டுக்கு வெளியே பீடி பற்றவைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்ப்பார். லாரி புறப்பட்ட அன்று விசிலை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு ஏறினார். அந்த வருஷம் நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். ஆனால் அவனை மாற்றவேண்டும் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் அவன் யாருடைய கையிலிருந்து விசிலை வாங்கினான் என்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

தொழில்முறை அணியின் துர்ப்பாக்கியம் இங்கேதான் ஆரம்பமாகிறது. அங்கே ஆசானுக்குத் தாம் போகும் நாள் தெரியாது. இரண்டு வருஷம் என்று காகிதத்தில் எழுதியிருக்கும்; ஏழு மாதத்தில் சீட்டு வந்துவிடும். நாளை இருப்போமா என்று அறியாதவர் நாளைக்குரியவனைத் தயார் செய்வது எப்படி? தம் பக்கத்தில் நிற்கும் உதவியாளர் சற்றுச் சாமர்த்தியசாலியாக இருந்தால், அவரைச் சிஷ்யர் என்று எண்ணுவாரா, தம் நாற்காலிக்கு நேரே நிற்கும் நமன் என்று எண்ணுவாரா? மனுஷ சுபாவத்தை யோசித்துப் பாருங்கள்.

போகும் நாள் தெரிந்தும் பரம்பரை அறுந்துபோவது உண்டு. மான்செஸ்டர் யுனைடெட்டில் இருபத்தாறு வருஷத்துக்கு மேல் அரசாண்ட அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-இல் ஓய்வு பெற்றபோது, அடுத்தவரைக் கைகாட்டிவிட்டே போனார். அந்த டேவிட் மோய்ஸுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள், பத்து மாதத்தில் விலக்கினார்கள். கைகாட்டப்பட்டவர் வெளியிலிருந்து வந்தவர். ஃபெர்குசனுக்கு வலக்கையாக இருந்த மியூலன்ஸ்டீன், மோய்ஸ் வந்ததும் வெளியேறியவர்தாம், நான்கு வருஷம் கழித்து நம் கொச்சிக்கு வந்து சேர்ந்தார் என்பது விதியின் ஒரு சிறு விளையாட்டு. அருகிலேயே இருக்கும் லிவர்பூலில் நடந்ததோ நேர் எதிர். 1974-இல் பில் ஷாங்க்லி திடீரென்று விலகியபோது அந்த ஊரே அழுதது. நிர்வாகஸ்தர்கள் உலகமெல்லாம் தேடவில்லை. பூட்ஸுகளை அடுக்கிவைக்கும் சிறிய அறை ஒன்றில் ஷாங்க்லியோடு உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்த உதவியாளர்களுள் ஒருவரான பாப் பெய்ஸ்லியை, அவர் மாட்டேன் என்று தயங்கியும், அந்த இடத்தில் நிறுத்தினார்கள். ஒன்பது பருவத்தில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை! அவருக்குப் பின் ஜோ ஃபேகன், அவரும் அதே அறையிலிருந்து வந்தவர். அந்த அறையில் கற்பிக்கப்பட்டது என்ன என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. அது பேச்சாலும் மௌனத்தாலும் கைமாறிய வித்தை.

நம் தேசத்தில் இல்லாததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சையத் அப்துல் ரஹீம், வாத்தியார் என்பதால் எனக்கு இவரிடம் ஒரு பிடி அபிமானம் கூடுதல், 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டில் தங்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடமும் இந்தியாவுக்குக் கிடைக்கச் செய்தார். 1962-இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியில் நம் இரிஞ்ஞாலக்குடைக்காரரான ஓ. சந்திரசேகரனும் இருந்தார். அப்போதே ரஹீம் சாகிபைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது; 1963 ஜூனில் காலமானார். அவர் கையால் ஆடக் கற்றவர்கள் அநேகர் இருந்தும், அவருடைய இடத்தில் நின்று அவருடைய முறையைத் தொடர்வதற்கென்று ஒருவரைச் சம்மேளனம் பேணி வைத்திருக்கவில்லை. மறு ஆண்டு ஆங்கிலேயரான ஹாரி ரைட் அணியை ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் வரை நடத்திச் சென்றார், உண்மைதான்; ஆனால் ஆசிய விளையாட்டுத் தங்கம் அன்றோடு சரி, இன்றுவரை இந்தியக் கால்பந்துக்குத் திரும்பவில்லை.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் நான் தமிழன் அல்லன். கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியை வென்றது 1973 டிசம்பரில், எறணாகுளத்தில். ரயில்வே அணிக்கு எதிராகக் காப்டன் மணி மூன்று கோல் போட, 3-2 என்று ஜயம். அந்த அணியின் ஆசான் தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ், 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். மலையாள நாட்டின் முதல் பெரிய வெற்றிக்குத் தமிழ் ஆசான்! அணைக்கட்டு, பாஷை, எல்லைக்கல் என்று எதற்கெடுத்தாலும் வழக்குப் பேசிக்கொள்ளும் இரு தரப்பாரும் இதை எப்போதாவது ஞாபகப்படுத்திக்கொண்டால் நல்லது.

சரி, இன்றைய காலி ஸ்தானத்துக்கு வருவோம். டீக்கடையில் அடிபடும் பெயர்களை நானும் கேட்டுவருகிறேன். வுகோமனோவிச்சையே திரும்ப அழைக்கவேண்டும் என்பது ஒரு கட்சி; பிரிந்த நாளிலிருந்து இன்றுவரை தளராத பிரேமையுடைய கட்சி அது. டேவிட் ஜேம்ஸைத் திரும்ப அழைத்துப் பார்த்த வீடு இது என்பதை மட்டும் அவர்களுக்கு விநயமாக ஞாபகப்படுத்துகிறேன். காலித் ஜமீலைக் கொண்டுவரவேண்டும் என்பது இரண்டாவது கட்சி. 2017-இல், ஐஸால் என்னும் மலைநாட்டுச் சிறு அணியை ஐ-லீக் பட்டத்துக்கு உயர்த்தியவர். இப்போது ஜம்ஷெட்பூரில் இருக்கிறார். அங்கே நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது பருவத்தின் நடுவில் விட்டுவிட்டு வரமாட்டார், வரவும் கூடாது. கோகுலம் கேரளா அணியை அடுத்தடுத்து இருமுறை ஐ-லீக் பட்டத்துக்குக் கொண்டுசென்ற இத்தாலியரான வின்செஞ்சோ அன்னேஸே பெயரைச் சொல்கிறவர்களும், 2022-இல் மஞ்சேரியில் கேரளத்துக்குச் சந்தோஷ் டிராபி வாங்கித் தந்த பினோ ஜார்ஜின் பெயரைச் சொல்கிறவர்களும் உண்டு. இவர்கள் எவரும் இல்லாமல், நாம் உச்சரிக்கவே ஒரு வாரம் பழகவேண்டிய பெயருடைய ஐரோப்பியர் ஒருவர் வருவார் என்பதே அனுபவஸ்தர்களின் ஊகம். ஏனெனில் 2020 முதல் அங்கே விளையாட்டு இயக்குநராக இருப்பவர் லிதுவேனியாவைச் சேர்ந்த கரோலிஸ் ஸ்கின்கிஸ். அவர் கண் ஓடும் சந்தை ஐரோப்பியச் சந்தை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மீன்காரன் கடலைப் பார்ப்பான், உழவன் வானத்தைப் பார்ப்பான்.

புருஷோத்தமனைப் பற்றிக் கேட்டால், "அவர் தற்காலிகந்தானே" என்கிறார்கள். இந்தத் தற்காலிகம் என்ற சொல்லைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். பிளாஸ்டர்ஸ் ஆடும் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல். போட்டியில் இவ்வருஷம் பதின்மூன்று அணிகள். இன்றைய தேதியில் கேரளத்தில் புருஷோத்தமன், ஹைதராபாத்தில் ஷமீல் செம்பகத் என்னும் இன்னொரு மலையாளி, கல்கத்தாவின் முகமதன் அணியில் காஷ்மீரத்து மெஹ்ராஜுதீன் வாடூ, ஆக மூவர், நம் தேசத்தவர், தற்காலிகமாகக் கோட்டோரத்தில் நிற்கிறார்கள். நிரந்தரமாக நிற்கும் இந்தியர் காலித் ஜமீல் ஒருவரே. 2022-இல் சென்னையின் அணி கோவாவிடம் ஐந்து கோல் வாங்கியபின் பாண்டோவிச் என்பவரை அனுப்பிவிட்டு, நம் சபீர் பாஷாவைச் சில ஆட்டங்களுக்கு நிறுத்தியது. பருவம் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து வேறொருவர் வந்தார். வீடு தீப்பற்றும்போது மட்டும் நம்மவரைக் கூவி அழைத்து வாளியைக் கையில் கொடுக்கிறார்கள். தீ அணைந்ததும் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, கூரை வேய்வதற்கு வெளியூர்க் கொத்தனாரைத் தேடிப் போகிறார்கள். இதைவிட விசேஷமான சம்பவம் ஒன்று கோழிக்கோட்டிலேயே நடந்தது. 2023 ஏப்ரல் 25 அன்று ஒடிசா அணி பெங்களூரை வென்று சூப்பர் கோப்பையை எடுத்தபோது, அதன் ஆசானாக நின்றவர் கிளிஃபோர்ட் மிராண்டா என்னும் கோவாக்காரர், தற்காலிகமாக! கோப்பையை வாங்கி நிர்வாகத்தின் கையில் கொடுத்தார். அடுத்த பருவத்துக்கு ஸ்பெயின் தேசத்தவரான செர்ஜியோ லோபேராவை அமர்த்தினார்கள். மிராண்டா வேறோர் அணிக்கு உதவியாளராகப் போனார். லோபேரா கெட்டிக்காரர் என்பதை நான் மறுக்கவில்லை. கோப்பை வென்றும் தீராத தற்காலிகம் வேறு எதனால்தான் தீரும் என்று மட்டும் கேட்கிறேன்.

தீர்ந்ததும் ஒருமுறை உண்டு. இதே காலித் ஜமீல் 2021 ஜனவரியில் வடகிழக்கு யுனைடெட் அணியில் தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, தத்தளித்துக்கொண்டிருந்த அணியை அரையிறுதி வரை நடத்திச் சென்றார், அந்த வருஷமே அவரை நிரந்தரமாக்கினார்கள், ஐ.எஸ்.எல். அணி ஒன்றின் முழுப் பொறுப்பையும் பெற்ற முதல் இந்தியர் அவர். அடுத்த பருவம் அவ்வணி சறுக்கிப் பத்தாவது இடத்தில் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்லுகிறேன். ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் காட்டுவது வாத்தியாருக்கு அழகில்லை.

நியாயமான ஓர் ஆட்சேபம் இருக்கிறது. தலைமைப் பயிற்சியாளருக்கு ஆசியக் கூட்டமைப்பின் 'புரோ' லைசென்ஸோ அதற்குச் சமமானதோ இருக்கவேண்டும் என்பது போட்டி விதி. அதைப் படித்து முடிக்க வருஷங்களும் லட்சங்களும் செலவாகும். பெரிய ஆட்டங்களில் நின்ற அனுபவம் வேண்டும். ஐரோப்பாவில் அவை மலிந்து கிடக்கின்றன, நம்மிடம் அரிதாயிருக்கின்றன. ஒத்துக்கொள்ளுகிறேன். ஆனால் நிற்கவிடாதவனுக்கு நின்ற அனுபவம் எங்கிருந்து வரும்? நீச்சல் தெரிந்தபிறகுதான் கிணற்றில் இறங்கவேண்டும் என்ற கட்டளை அல்லவா இது!

புருஷோத்தமன் நின்ற கணக்கையும் பார்த்துவிடுங்கள். முதல் ஆட்டத்தில் முகமதனை 3-0 என்று ஜயித்தார். ஜம்ஷெட்பூரில் தோற்றார். ஜனவரி 5-ஆம் தேதி டில்லியில், இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, ஒன்பது பேரோடு பஞ்சாபை 1-0 என்று தாக்குப்பிடித்து ஜயித்தார்; அன்று கோட்டோரத்தில் அவர் கைகளைத் தாழ்த்தித் தாழ்த்தி, பதறாதீர்கள் என்று சைகை காட்டிய விதத்தைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பெரியப்பாவின் பீடி ஞாபகம் வந்தது. ஒடிசாவைக் கடைசி நிமிஷத்துக் கோலினால் 3-2, வடகிழக்கோடு சமன், ஈஸ்ட் பெங்காலிடம் தோல்வி, சென்னையில் ஜயம். ஏழு ஆட்டத்தில் நான்கு வெற்றி, ஒரு சமன், இரண்டு தோல்வி. சுவீடன்காரர் பன்னிரண்டு ஆட்டத்தில் சேர்த்தது பதினோரு புள்ளி, இவர் ஏழு ஆட்டத்தில் சேர்த்தது பதின்மூன்று. ஆட்டக்காரர்கள் அதே ஆட்டக்காரர்கள்.

தேயிலை மலையில் கவாத்து என்று ஒரு வேலை உண்டு. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை முட்டி உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். பார்க்கிறவனுக்குச் செடி செத்தது போலிருக்கும். இரண்டு மூன்று மாதம் அந்தப் பாத்தியிலிருந்து ஒரு கொழுந்தும் வராது, துரைக்குக் கணக்கில் நஷ்டம். பொறுத்திருந்தால் முன்னைவிட அடர்த்தியாய்த் துளிர்க்கும். ஒவ்வொரு கவாத்துக்கும் பயந்து, செடியைப் பிடுங்கிவிட்டு வேறு நாட்டுச் செடியை நட்டுக்கொண்டே போகிற தோட்டத்தை நான் கண்டதில்லை. அப்படி ஒரு துரை இருந்திருந்தால் கம்பெனி அவரைத்தான் மாற்றியிருக்கும்.

ஆகவே, என்னைக் கேட்டால், என் ஓட்டு புருஷோத்தமனுக்கே; இந்தப் பருவ முடிவு வரைக்கும் என்று கஞ்சத்தனமாக அல்லாமல், மூன்று வருஷத்துக்கு. அது நடக்காது என்பதும் எனக்குத் தெரியும்; வேனிற்காலம் பிறக்குமுன் ஒரு விமானம் நெடும்பாசேரியில் இறங்கும், மாலை போடுவார்கள், மஞ்சள் துண்டு போர்த்துவார்கள், பின்வரிசைத் தம்பிகளும் அங்கே போய் ஆஷானே என்று கூவுவார்கள். கூவட்டும். வருகிறவரோடு எழுதும் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு ஷரத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி மட்டும் நிர்வாகஸ்தர்களைக் கேட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன்: ஐயா, நீர் எத்தனை ஆட்டம் ஜயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, போகிற அன்று உம் கழுத்திலிருக்கும் விசிலை இங்கேயே பக்கத்தில் நிற்கிற ஒருவனுக்கு மாட்டிவிட்டுப் போகவேண்டும், அவன் யார் என்பதை இரண்டாம் வருஷத்திலேயே எங்களுக்குக் காட்டவேண்டும்.

அக்கிராசனர் கடிகாரத்தைப் பார்க்கிறார்; கடைசி பஸ் போய்விடும் என்று தாய்மார்கள் எழுந்திருக்கிறார்கள். வருகிற 15-ஆம் தேதி கலூரில் மோகன் பகானோடு ஆட்டம். பாலக்காட்டிலிருந்து காலை ரயிலுக்குப் பேரன் டிக்கெட் எடுத்துவிட்டான். எனக்கும் சேர்த்து எடுத்திருக்கிறான், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டால்தான் கூட்டிப்போவேன் என்று நிபந்தனையும் விதித்திருக்கிறான். அன்றும் கோட்டோரத்தில் நிற்கப்போகிறவர் அந்தத் தற்காலிக மனுஷர்தான். அவருக்காக ஒருநாள் மஞ்சள் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.